சொந்தக் காரும் ஒரு நிமிட ஓட்டமும்

மோட்டார்க் கார்ப் பந்தயம் என்றவுடன் நேயர்களின் மனக்கண்முன் வந்து நிற்பவை பெரும்பாலும் இரண்டு: பணமும் ஆபத்தும். தரையோடு ஒட்டிக் கிடக்கும் விசித்திரமான வண்டி, அதனைச் சூழ்ந்து நிற்கும் தொழில் வல்லார் கூட்டம், ஒன்றையொன்று உரசுமாப்போல் வளைவிலே பாயும் இருபது வண்டிகள். இவற்றைப் படத்திலே கண்டு பெருமூச்சு விட்டுவிட்டு, மறுநாட் காலையிலே தமது பழைய காரை இயக்கி வேலைக்குப் போகின்றவர்கள் உலகெங்கும் பலர். அந்தப் பழைய காரையே கொண்டு, உயிரையும் பணப்பையையும் பெரிதும் பணயம் வைக்காமற் போட்டியிடக்கூடிய ஒரு விளையாட்டு உண்டு. அதற்கு 'ஓட்டோகுறொஸ்' என்று பெயர்.

பெயரைப் பற்றி முதலிலேயே ஓர் எச்சரிக்கை வேண்டும். இங்கிலாந்திலே இதே பெயரால் வழங்குவது, புல்வெளியிலும் மண்தரையிலும் புழுதி பறக்க நடைபெறும் வேறொரு போட்டி. இங்கே எடுத்துக்கொண்ட பொருள், அமெரிக்கர் அப்பெயரால் அழைக்கும், தார்த்தளத்திலோ கொங்கிறீற்றுத் தளத்திலோ நடைபெறும் போட்டியாகும். இதற்கு நெருங்கிய உறவான போட்டியை ஆங்கிலேயர் 'ஓட்டோசோலோ' என்பர்.

அமெரிக்காவிலே இவ்விளையாட்டைப் பரப்பிய சங்கங்களுள் முதன்மையானது, 1944ஆம் ஆண்டில் தோன்றிய 'ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஒவ் அமெரிக்கா'. தனியோட்டம் என்னும் பொருள்பட இதனை அது 'சோலோ' என்று அழைக்கிறது. தேசிய வெற்றியாளரைத் தெரியும் பெரும்போட்டி 1973ஆம் ஆண்டில் தொடங்கியது. 2009ஆம் ஆண்டில் அது நெபிறாஸ்கா மாநிலத்து லிங்கன் நகருக்கு வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் அணிவகுத்து நின்ற பழைய படைத்தளத்தின் கொங்கிறீற்று வெளியிலே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாரதிகள் ஒருவர்பின் ஒருவராக ஓடுவர். ஆனால் அது மலையுச்சி. ஆரம்பகாரருக்குரிய அடிவாரம் அவரது ஊருக்கு அண்மையிலேயே இருக்கிறது. உள்ளூர்ச் சங்கமொன்று, ஞாயிற்றுக்கிழமையிலே காலியாகக் கிடக்கும் வாகனத் தரிப்பிடமொன்று, வீதி திருத்துவோர் வைப்பது போன்ற செம்மஞ்சட் கூம்புகள் சில நூறு. இவையே அதற்குரிய மூலப்பொருள்கள்.

கூம்புகளை வரிசையாகவும் வாயில்களாகவும் வளைவுகளாகவும் அடுக்கி ஒரு பாதையை அமைக்கின்றனர். அப்பாதை அன்றைக்கு மட்டும் உரியது; மாலையிலே கூம்புகளை அள்ளிக்கொண்டால் அங்கே வெறுந்தரைதான். கார்கள் தனித்தனியே புறப்படும். ஒன்றோடொன்று முட்டிமோதும் பேச்சே இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் வைக்கப்பட்ட ஒளிக்கதிரைக் காரின் முன்புறம் வெட்டும்போது மணிப்பொறி ஓடவும் நிற்கவும் செய்கிறது. செக்கனில் ஆயிரத்திலொரு பங்கு வரை காலம் கணிக்கப்படுகிறது. ஓட்டம் முழுவதும் ஏறத்தாழ ஒரு நிமிடம், பெரும்பாலும் அதற்கும் குறைவு. வேகமோ, நெடுஞ்சாலையிற் குடும்பத்தோடு செல்லும் காரின் வேகத்தை மிஞ்சுவது அரிது. ஆயினும் அந்த வேகத்திலே ஒரு நிமிடத்துக்குள் இருபது தடவை திரும்பவேண்டியிருக்கும். வேடிக்கையும் வில்லங்கமும் அங்கேதான்.

ஒரு கூம்பை வீழ்த்தினால் இரண்டு செக்கன் தண்டனை. ஒவ்வொரு கூம்பைச் சுற்றியும் தரையிலே ஒரு கோடு வரைந்திருப்பர். கார் உரசிய கூம்பு நிமிர்ந்து நின்று, அக்கோட்டுக்குள் அதன் ஒரு பகுதியேனும் இருக்குமானால் குற்றமில்லை. விழுந்தாலோ முழுவதும் வெளியே தள்ளப்பட்டாலோ இரண்டு செக்கன் சேரும். ஒரு வாயிலையே தவறவிட்டவரின் ஓட்டம் கணக்கில் வாராது. பத்தில் ஒரு செக்கனால் வெற்றியும் தோல்வியும் தீரும் விளையாட்டிலே இரண்டு செக்கன் என்பது பெருங்கடன். ஒருவருக்கு அன்றைய பொழுதில் மூன்று முதல் ஆறு ஓட்டங்கள் வரை கிடைக்கலாம். அவற்றுட் சிறந்ததொன்றே எடுத்துக்கொள்ளப்படும்.

இந்நாட்டு நேயர்களுக்கு இந்த முறை முற்றிலும் புதியதன்று. நுவரெலியாவிலே மகாகஸ்தோட்டை மலைப்பாதையில் நடைபெற்று வந்துள்ள மலையேற்றப் போட்டியிலும் சாரதி கடிகாரத்தோடுதான் போராடுகிறார். ஆனால் மலைப்பாதையிலே வழுக்கினால் மண்ணணையோ மரமோ காத்திருக்கும். கூம்புத் தளத்திலே வழுக்கினால் காத்திருப்பது வெறும் வெளி. சரியாக அமைக்கப்பட்ட தளத்திலே விளக்குக் கம்பமும் மதிலும் பாதையிலிருந்து போதிய தூரத்தில் இருக்கவேண்டும் என்பது கட்டாயம். தவறு செய்யலாம், செய்துவிட்டு வீடு திரும்பலாம் என்பதே இவ்விளையாட்டின் உயிர்நிலை.

இதன் அருமையை உணர, கார் ஒன்றைப் புதிதாகப் பெற்ற ஓர் இளைஞரை எண்ணிப் பார்க்கலாம். வேக ஆசை அவரிடம் உண்டு; அது இல்லையென்று சொல்லும் பெற்றோர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கின்றனர். அந்த ஆசையை அவர் எங்கேயாவது தீர்த்துக்கொள்ளத்தான் போகிறார். இரவிலே வெறிச்சோடிய வீதியிலே தீர்த்துக்கொள்வாராயின், எதிரே விளக்கில்லாத சைக்கிளில் வருகின்ற ஒருவர் அதற்கு விலை கொடுக்க நேரலாம். தமது கார் எந்த வேகத்தில் பிடி விடும், பிடி விட்டால் முன்புறம் விலகுமா பின்புறம் விலகுமா என்பதை அந்த இளைஞர் அறியார். வீதியிலே அறிய முயன்றவர்கள் பலர் அந்த அறிவைப் பயன்படுத்த மிஞ்சவில்லை. கூம்புத் தளத்திலே அதே பாடத்துக்குரிய கட்டணம், சக்கை போலச் சப்பளிந்த ஒரு கூம்பு.

எந்தக் கார் வேண்டும்? ஏற்கெனவே வீட்டில் நிற்கும் கார் போதும். 1989ஆம் ஆண்டில் வெளிவந்த மஸ்டா நிறுவனத்தின் 'மியாற்றா' என்ற சிறிய இருக்கை இரண்டுடைய கார் இவ்விளையாட்டினரின் செல்லப்பிள்ளை என்பது உண்மையே. ஆனால் குடும்பக் கார்களும் அதே வரிசையிலேதான் நிற்கின்றன. உயரமும் ஒடுக்கமுமான வண்டிகளை மட்டும், கவிழக்கூடும் என்ற அச்சத்தால், ஏற்க மறுப்பர். ஒரே காரைக் கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டுவதும் வழக்கம். கணவரின் காலத்தை மனைவி முந்திவிடும் வீடுகளில் அன்றைய இராப்போசனம் எப்படியிருக்கும் என்பதை நேயர்களின் ஊகத்துக்கே விட்டுவிடலாம்.

புறப்படுமுன் செய்யவேண்டியவை மிகச் சில. காரினுள்ளே தளர்ந்து கிடக்கும் பொருள்கள் யாவும் வெளியேற வேண்டும். குடை, தண்ணீர்ப் போத்தல், பிள்ளையின் விளையாட்டுப் பொருள், சாரதியின் காலடி விரிப்பு, எல்லாமே. வளைவிலே உருண்டுவரும் ஒரு போத்தல் பிறேக்கின் கீழ் அகப்பட்டுக்கொண்டால் நிகழக்கூடியதை விளக்கத் தேவையில்லை. பிறகு வண்டிப் பரிசோதனை. பரிசோதகர் சில்லுகளைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். நட்டுகள் குறைவின்றி இறுகியுள்ளனவா, பற்றறி அசையாமற் கட்டப்பட்டுள்ளதா, பிறேக் மிதி உறுதியாக நிற்கிறதா, வேகமிதியை விட்டவுடன் அது மேலே திரும்புகிறதா, ஆசனப்பட்டி நன்னிலையில் உள்ளதா, எண்ணெய் ஒழுகுகிறதா என்று நோக்குவார். பந்தயத்துக்கென்று தனியாக எதையும் அவர் கேட்பதில்லை. வீதியில் ஓடும் ஒவ்வொரு காருக்கும் இருக்கவேண்டியதையே கேட்கிறார். தம் காரின் சில்லு நட்டு ஒன்று தளர்ந்திருப்பதை முதன்முதலாக அங்கேதான் அறிந்தவர்களும் உண்டு.

தலைக்கவசம் கட்டாயம். அமெரிக்கச் சங்கங்கள் கேட்பது 'ஸ்னெல்' என்ற முத்திரை பொறித்த கவசம். அந்தப் பெயருக்குப் பின்னே ஒரு துயரம் இருக்கிறது. வில்லியம் ஸ்னெல் என்ற கார்ப்பந்தய வீரர், 1956ஆம் ஆண்டில் பந்தயமொன்றிலே தலையிற் காயமுற்று இறந்தார். அவர் அணிந்திருந்த கவசம் அவரைக் காக்கவில்லை. மறு ஆண்டிலே நண்பர்களும் மருத்துவர்களும் கூடி அவர் பெயரால் ஒரு நிறுவனத்தை அமைத்து, கவசங்களைச் சோதித்துத் தரம் வகுக்கும் பணியைத் தொடங்கினர். கார்ப்பந்தயக் கவசத்துக்கு ஒரு முத்திரை, மோட்டார்ச் சைக்கிட் கவசத்துக்கு வேறொரு முத்திரை. கூம்புத் தளத்திலே இரண்டும் பொதுவாக ஏற்கப்படும். முதல் நாளுக்கு அதையும் வாங்க வேண்டியதில்லை. இரவல் கொடுப்பதற்கென்றே பல சங்கங்கள் சில கவசங்களை வைத்திருக்கின்றன. தமது காப்புறுதி இத்தகைய போட்டிக்கும் செல்லுமா என்பதை மட்டும் முன்கூட்டியே ஒப்பந்தத்திற் படித்துப் பார்த்துவிடுவது நலம். செல்லாது என்ற வரி பெரும்பாலும் சிறிய எழுத்தில் அங்கே இருக்கும்.

ஆரம்பகாரரின் உண்மையான எதிரி கூம்பல்ல, உதிரிப்பொருட் கடை. ஒரு நாள் ஓடிப் பார்த்தவர் வீடு திரும்பியதும், அகன்ற ரயர், இறுகிய வில், முழங்கும் புகைக்குழாய் என்று விலைப்பட்டியல் புரட்டத் தொடங்கிவிடுகிறார். இதிலே இரட்டை நட்டம் உண்டு. ஒவ்வொரு காரும் அதில் செய்யப்பட்ட மாற்றங்களுக்கேற்ப வகுப்பிலே சேர்க்கப்படுகிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்கும் கார்களுக்கு ஒரு வகுப்பு. அளவறியாமல் ஒரு பொருளை மாற்றியவர், தம்மிலும் பன்மடங்கு செலவழித்துப் பல்லாண்டு பழகியவர்கள் நிற்கும் வகுப்பிலே போய் விழுவார். அது ஒரு நட்டம். மற்றையது இன்னும் பெரிது. காலம் குறைந்தபோது அது தமது கையாற் குறைந்ததா, கடையிலே வாங்கிய பொருளாற் குறைந்ததா என்பது அவருக்கே விளங்காது. முதல் ஆண்டு முழுவதும் நல்ல பிறேக்கும் ஓரளவு நல்ல ரயரும் தவிர வேறெதற்கும் பணம் செலவிடாதிருப்பவரே விரைவில் முன்னேறுகிறார். பழகிய சாரதியொருவரை அந்த இளைஞரின் காரிலேயே ஓட்டச் சொல்லி, இளைஞரைப் பக்கத்திலே இருத்திப் பார்க்கட்டும். தம் கார் இவ்வளவும் செய்யுமா என்று அவர் வாயடைத்துப் போவார். அன்றோடு விலைப்பட்டியலும் மூடப்படும்.

ஓட்டத்துக்கு முன் பாதையை நடந்து பார்க்க நேரம் தரப்படும். அந்த நடையை உல்லாச நடையாக ஆக்கிக்கொள்பவர் பின்னர் வருந்துவார். மேலிருந்து நோக்கினால் ஒழுங்காகத் தெரியும் பாதை, சாரதியின் ஆசனத்திலிருந்து நோக்கும்போது செம்மஞ்சட் கடலாகிவிடும். எங்கே திரும்புவது, எங்கே வழியைத் தவறவிட்டார் என்று தெரியாமல் முதல் ஓட்டத்திலேயே திசைகெட்டு நிற்பவர் பலர். ஆகவே மூன்று தடவையாவது நடக்க வேண்டும். முதல் நடை வழியை மனத்திற் பதிக்க. அடுத்தவை, எந்த இடத்தில் பிறேக்கைத் தொடங்குவது, எந்த வளைவுக்குப்பின் நீண்ட நேர்வழி வருகிறது என்று ஆராய. நின்று கண்ணை மூடிக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை பாதையை மனத்திலே ஓட்டிப் பார்த்துவிட்டால் அந்தப் பாடம் பாடமாகிவிட்டது எனலாம்.

இனி ஓட்டம். ஒரு ரயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. காரின் பாரம் முழுவதையும், அதன் பாய்ச்சலையும் நிற்றலையும் திரும்பலையும் தாங்குபவை அந்த நான்கு உள்ளங்கைகளே. அவற்றின் பிடிக்கு ஓர் எல்லை உண்டு. அந்தப் பிடி முழுவதையும் பிறேக்குக்கே செலவிட்டால் திரும்புவதற்கு மீதியில்லை. திரும்புவதற்கே செலவிட்டால் வேகங்கூட்ட மீதியில்லை. வளைவுக்குள் அதிவேகமாக நுழைந்துவிட்டு ஸ்ரியறிங்கை முறுக்குகிறார் ஆரம்பகாரர். முன்சில்லுகள் உழுதுகொண்டு நேரே போகின்றன. பதற்றத்திலே இன்னும் முறுக்குகிறார். இன்னும் நேரே போகிறது. அவ்வேளையிலே வேகத்தைச் சற்றே தளர்த்தி ஸ்ரியறிங்கைச் சிறிது பின்வாங்கினால் ரயர் மறுபடி பிடிக்கும். மனத்துக்கு மாறான இந்தச் செய்கையை வாயாற் சொல்லிக் கற்பிக்க முடியாது. கை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

பாரத்தின் போக்கையும் அறிய வேண்டும். பிறேக்கை அழுத்தும்போது காரின் பாரம் முன்னே சாய்கிறது, வேகங்கூட்டும்போது பின்னே சாய்கிறது. வளைவின் நடுவிலே திடீரென்று வேகமிதியிலிருந்து காலை எடுத்தால் பாரம் முன்னே பாய்ந்து, இலேசான பின்புறம் வெளியே வீசி எறியப்படலாம். கார் சுழலத் தொடங்கிவிட்டதா? அப்போது மூத்தோர் சொல்லும் விதி ஒன்றே: இரு கால்களும் உள்ளே. கிளச்சையும் பிறேக்கையும் ஒருங்கே அழுத்தி, கார் நிற்கும்வரை விடாதிருத்தல். எழும்பும் ரயர்ப் புகை அடங்கியபின், கூம்பு பொறுக்குவோர் சிரிப்பதைப் பார்த்துத் தாமும் சிரித்துவிட்டு மேலே செல்லலாம். இக்காலக் கார்களிலே பலமாகப் பிறேக் பிடிக்கும்போது மிதி காலின் கீழ் துடிக்கும். சில்லு பூட்டிக்கொள்ளாமற் காக்கும் பொறி அங்கே வேலை செய்கிறது. அந்தத் துடிப்புக்குப் பயந்து காலை எடுப்பவர், வீதியிலே ஒரு பிள்ளை குறுக்கே ஓடும் நாளிலும் காலை எடுத்துவிடுவார். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டு போனாலே அன்றைய கட்டணம் செரித்துவிட்டது.

இவையெல்லாவற்றினும் கடினமானது கண். ஆரம்பகாரரின் கண், மூக்குக்கு நேரே உள்ள கூம்பிலே ஒட்டிக்கொள்கிறது; எதைக் கண் பற்றுகிறதோ அதன்மேலேயே கார் ஏறுகிறது. பழகியவரின் கண், அந்தக் கூம்பை எப்போதோ விட்டுவிட்டு அடுத்ததையும் அதற்கடுத்ததையும் தேடிக்கொண்டிருக்கும். கூம்புகளினூடே பாம்புபோல நெளிந்து செல்லும் பகுதியிலே இது மிகத் தெளிவாகத் தெரியும். முதற் கூம்பிலே சிறிது பிந்தியவர் இரண்டாவதில் மேலும் பிந்துவார், நான்காவதை வீழ்த்துவார். குற்றம் நான்காவது கூம்பில் இல்லை.

ரயரின் காற்றமுக்கத்தை நாளாந்த அளவிலும் சில றாத்தல் கூட்டுவது வழக்கம். எவ்வளவு கூட்டுவதென அறிய எளியதொரு வழியுண்டு. ரயரின் தோளிலே வெண்கட்டியாற் கோடு கீறி ஓடிவிட்டு வந்து பார்த்தால், கோடு எதுவரை தேய்ந்துள்ளதோ அதுவரை ரயர் மடிந்து தரையில் உருண்டிருக்கிறது. தோளைக் கடந்தும் தேய்ந்திருந்தால் காற்றுப் போதாது. பாடசாலை வெண்கட்டி ஒன்றின் விலையிலே கிடைக்கும் இந்த ஆராய்ச்சிக் கருவிக்கு ஈடில்லை.

அன்றைய பொழுதில் ஒருவர் காரோட்டும் நேரம் எல்லாமாகச் சில நிமிடங்களே. மிகுந்த நேரத்தில் அவர் வேலை செய்கிறார். ஒரு பகுதியார் ஓடும்போது மற்றப் பகுதியார் தளத்திலே நின்று விழுந்த கூம்பை நிமிர்த்துவர், தண்டனையை அறிவிப்பர், ஆபத்தென்றாற் செங்கொடி காட்டுவர். கொடி கண்டவர் உடனே நிற்க வேண்டும். அவருக்கு வேறோர் ஓட்டம் தரப்படும். ஓடுகின்ற காருக்கு முதுகு காட்டக்கூடாது என்பது அங்கே நிற்போரின் முதல் விதி. வெயிலிலே கூம்பு பொறுக்க வந்தோமா என்று சலிப்பவரும் உண்டு. ஆனால் மற்றவர் எங்கே பிந்தினார், எங்கே முந்தினார் என்பதைப் பத்தடி தூரத்தில் நின்று காண்பதைப் போன்ற பள்ளிக்கூடம் வேறில்லை.

மாலையிலே பெறுபேறு ஒட்டப்படும். வெவ்வேறு வகுப்புக் கார்களை ஒப்பிடுவதற்காக ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பெருக்கெண் உண்டு. உதாரணமாக, பெருக்கெண் 0.800 ஆன காரிலே 50 செக்கனில் ஓடியவரின் காலம் 40 செக்கனாகக் கணிக்கப்படும். பாரிய எஞ்சினுடைய காரை ஒரு சாதாரணக் குடும்பக் கார் இவ்வாறு வென்றுவிடுவது உண்டு. நமது இளைஞரின் பெயர் அந்தப் பட்டியலின் அடியிலே, தம் வகுப்பின் முதல்வரிலும் பல செக்கன் பின்தங்கி நிற்கும். அநேகமாக எல்லோருக்கும் முதல் நாள் அப்படித்தான். அவர் பார்க்கவேண்டிய கணக்கு வேறு: தமது முதல் ஓட்டத்துக்கும் கடைசி ஓட்டத்துக்கும் இடையே எவ்வளவு குறைந்தது என்பது. கார் அதே கார், ரயர் அதே ரயர், பாதையும் அதே பாதை.

பிறகு அவர் கூட்டிய காற்றை அளவுக்கு இறக்கி, சில்லு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்த்து, மேலதிகச் சில்லையும் குடையையும் பிள்ளையின் ஆசனத்தையும் காரினுள் ஏற்றிக்கொள்கிறார். தரிப்பிடத்து வாயிலைக் கடந்ததும் பொதுவீதி. முன்னே ஒரு லொறி மெதுவாக ஊர்ந்து செல்கிறது. அவசரமின்றி அதன்பின்னே அவரும் செல்கிறார். மறுநாள் திங்கட்கிழமை, அதே காரிலே வேலைக்குப் போகவேண்டும்.